ப்ளஸ் ஒன் போர்ஷன்

1

போன சனிக்கிழமை காலையில் அண்ணன் அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்தால், என் மகள் புளியமரத்தில் கட்டப்பட்டிருந்தாள். பதற வேண்டாம், பேனரில்தான். அவிநாசிபாளையத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, ரோட்டைப் பார்த்தபடி ஆளுயர ஃப்ளெக்ஸ். எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய இரட்டைச் சடையோடு ஹாஸ்டல் அடையாள அட்டைக்கு எடுத்த படம். போட்டோக்காரர் அதட்டியதில் மிரண்ட கண் அப்படியே இருக்கிறது. ஒரு பக்கம் சுதந்திர தேவி சிலை. மறுபக்கம் பள்ளியின் தாளாளர், கைகூப்பி, தேவியைவிட ஒரு சுற்றுப் பெரிதாக. நடுவில் சிவப்பு எழுத்து: "பிளஸ் ஒன் முடித்த கையோடு அமெரிக்கப் பல்கலைக்கழகம் அள்ளிக்கொண்ட எங்கள் மாணவி!" அடியில், "பிளஸ் ஒன் அட்மிஷன் நடைபெறுகிறது."

என் மகள் கீர்த்தனாவை எந்தப் பல்கலைக்கழகமும் அள்ளவில்லை. அவள் இன்னும் விண்ணப்பமே போடவில்லை. அப்பாவுக்கு வேலை மாற்றல் கிடைத்ததால் கூட வந்தவள். இங்கே வட கரோலினாவில், வீட்டுக்குப் பக்கத்து அரசாங்கப் பள்ளியில், பதினோராம் வகுப்பு படிக்கிறாள். அதாவது பேனரில் அவள் முடித்துவிட்டதாகச் சொல்லும் அதே ப்ளஸ் ஒன்னை.

நான் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். படத்துக்குக் கீழே அண்ணன் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக நாலு வரி தட்டியிருந்தார். "மாப்பிள்ளைகிட்ட காட்டு. போற வர்றவங்கெல்லாம் நின்னு பாக்கறாங்க. நம்ம கவியையும் அங்கயே சேத்தறதுன்னு முடிவு பண்ணிட்டோம்." கவி அண்ணனின் ஒரே மகள். இப்போதுதான் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கடைசி வரியைப் படித்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

2

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். பத்துக்குப் பிறகு பதினொன்று, அதற்குப் பிறகு பன்னிரண்டு என்பது அரசாங்கத்தின் எண்ணிக்கை. எங்கள் பக்கம் நான் பார்த்த ஹாஸ்டல் பள்ளிகளின் எண்ணிக்கை வேறு. ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை. பொதுத்தேர்வு இல்லையென்றால் மார்க் இல்லை. மார்க் இல்லையென்றால் அது படிப்பே இல்லை. ஆகவே ஜூன் மாதம் ப்ளஸ் ஒன்னில் சேரும் பிள்ளைக்கு முதல் நாளே ப்ளஸ் டூ பாடம் ஆரம்பித்துவிடும். இரண்டு வருஷமும் அதையே துவைத்துப் பிழிந்து, சாயம் போகும் வரை படித்து, கடைசியில் கட்-ஆஃப் வாங்கி, இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் போக வேண்டும். இதில் ஒரு முழு வகுப்பு காணாமல் போனதைப் பற்றி யாரும் புகார் கொடுத்ததில்லை. பெற்றோர்கள் அதற்காகவே வரிசையில் நின்று சேர்ப்பார்கள்.

நாங்களும் நின்றோம். அப்போது என் வீட்டுக்காரர் திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தரம் பார்க்கும் மேனேஜர். சட்டையின் தையல் ஒரு இழை விலகினாலும் கண்டுபிடித்துவிடுவார். அமெரிக்காவில் பனியன் வாங்கும் கம்பெனி ஒன்று அவரைத் தன் ஆபீசுக்கே அழைத்துக்கொண்டது. எனக்கும் கீர்த்திக்கும் விசா வரும் வரை பிள்ளையின் படிப்பு கெடக்கூடாது என்று வெள்ளகோவில் தாண்டி, சோளக்காட்டுக்கு நடுவே, ஜெயிலுக்குக் கட்டியது போல உயரமாகச் சுவர் எழுப்பிய பள்ளியில் சேர்த்தோம்.

சேர்த்த அன்றைக்கே நிர்வாக அலுவலர், ஏ.ஓ. என்பார்கள், சணல் கயிறு போட்டுக் கட்டிய ஒரு புத்தகக் கட்டை என் கையில் கொடுத்தார்.

"இது என்னங்க?"

"ப்ளஸ் ஒன் புக்குங்க. கவர்மென்ட்டு ரூலு, குடுத்தாகோணும். புள்ளைகிட்ட இருந்தா பிரிச்சுப் பாத்துட்டே உக்காந்துக்கும். நீங்களே ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க."

பள்ளிக்கூடத்தில் பாடப்புத்தகத்தைப் பறிமுதல் செய்து பெற்றோரிடம் ஒப்படைப்பதை அன்றுதான் பார்த்தேன். கட்டைக் கொண்டுபோய் அவிநாசிபாளையத்தில் அண்ணன் வீட்டு அட்டாலிமேல், அதாவது பரண்மேல், வைத்தேன். அது இன்னும் பிரிக்காமல் அங்கேதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனால் கீர்த்தி டிபன் பாக்ஸைத் திறந்தபடியே சொல்லுவாள். "டிஃபரென்சியேஷன்னா என்னங்கன்னு சார்கிட்டக் கேட்டேம்மா. அது ப்ளஸ் ஒன் போர்ஷன், இப்ப வேண்டாம்னுட்டார். அப்ப எப்பங்க சார்னு கேட்டேன். முட்டி போடச் சொல்லிட்டார்."

"நீ எதுக்கு எதுத்துக் கேக்கறே?" என்று அவளையே அதட்டி, தட்டில் இன்னொரு பணியாரம் வைத்தேன். ஊரில் எல்லாத் தாய்மாரும் செய்வதுதான்.

3

இங்கே வந்து இறங்கியதும் பள்ளியில் கவுன்சலரைப் பார்க்கச் சொன்னார்கள். பிள்ளைகள் எந்த வகுப்பில் உட்கார வேண்டும், எந்தக் கல்லூரிக்கு எப்படித் தயாராக வேண்டும் என்று சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆள். பெயர் கேரல். வெள்ளை முடி, கழுத்தில் கண்ணாடி, முகம் நிறையச் சிரிப்பு.

அமெரிக்காவில் பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு ஜூனியர் என்று பெயர், பன்னிரண்டுக்கு சீனியர். கல்லூரிகள் முக்கியமாகப் பார்ப்பது ஜூனியர் வருஷத்தைத்தானாம். எங்கள் ஊரில் கயிறு போட்டுக் கட்டி அட்டாலியில் ஏற்றிய வருஷத்தைத்தான் இவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு ஜூனியர் என்றால் ஒரு சைஸ். ஒல்லியான பெண்பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கடைகள் வாங்கும் உடுப்பு ஜூனியர். பருத்த உடம்புக்காரர்களுக்கு வாங்குவது ப்ளஸ். வாழ்நாள் முழுக்க டேப் பிடித்து அளந்த மனிதர்.

"உங்கள் மகளை ஜூனியராகச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்" என்றார் கேரல்.

"நோ மேடம்!" என்று இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஷி இஸ் நாட் ஜூனியர். ஷி இஸ் ப்ளஸ்."

கேரல் கீர்த்தியைப் பார்த்தார். ஹாஸ்டல் சாம்பாரில் ஒரு வருஷம் ஊறி, முருங்கைக்காய் மாதிரி வந்து நின்றவள். கேரலின் சிரிப்பு மறைந்தது. "அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். பிள்ளைகளின் உடம்பைப் பற்றி நாங்கள் இங்கே அப்படிப் பேசுவதில்லை" என்றார் கண்டிப்பாக.

அதைத் தெளிவாக்கவே கால் மணி நேரம் போனது. அடுத்து கேரல், கீர்த்தியின் 'பேஷன்' என்ன என்று கேட்டார். எதில் அவளுக்குத் தீராத ஆசை என்று கேட்டிருக்கிறார். எங்கள் காதில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். "எஸ் மேடம், ஃபேமிலி முழுக்க ஃபேஷன்தான். பனியன், டி-ஷர்ட், நைட்டி" என்றார் இவர். கேரல் அதைப் பயபக்தியோடு குறித்துக்கொண்டார். நைட்டிமேல் எங்கள் குடும்பத்துக்குத் தீராத காதல் என்று அந்தப் பள்ளியில் எங்கோ இன்னும் பதிவாகியிருக்கும்.

பிறகு பதினோராம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் கேட்டார்கள். அண்ணன், சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைக்கும் தன் யூனிட்டை ஒரு நாள் மூடிவிட்டு வெள்ளகோவிலுக்கு வண்டியை விட்டார். அங்கிருந்தே போன்.

"கண்ணு, ஏ.ஓ. முன்னாலதான் உக்காந்திருக்கறேன். எத்தன மார்க் போடட்டும்னு கேக்கறாரு."

"நடத்தாத பரிட்சைக்கு மார்க் ஏதுங்ண்ணா?"

"நடத்தாததுனாலதான் நம்ம இஷ்டத்துக்குப் போட்டுக்கலாங்கறாரு. எல்லாத்துலயும் முழுசாப் போட்டா வெள்ளைக்காரனுக்குச் சந்தேகம் வருமாமா. இங்கிலீஷுல மட்டும் சித்தெ கொறச்சுக்கலாமான்னு கேக்கறாரு."

குறைத்துக்கொண்டார்கள். சான்றிதழைப் பார்த்த கேரல் மகிழ்ந்துபோனார். சீனியராகவே சேர்க்கலாம், சும்மா வழக்கத்துக்காக ஒரு சின்னக் கணக்குத் தேர்வு மட்டும் எழுதட்டும் என்றார்.

4

தேர்வு எழுதிய இரண்டாம் நாள் மூன்று பேரையும் கூப்பிட்டார்கள். கேரலின் அறையில் தாடி வைத்த கணக்கு ஆசிரியர் ஒருவர் கீர்த்தியின் விடைத்தாளோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

சுவரில் சாய்த்த ஏணியின் அடிப்பக்கம் தரையில் நகர்ந்தால், மேல்முனை எவ்வளவு வேகமாகக் கீழே இறங்கும் என்பது கணக்கு. கீர்த்தியின் விடை சரி. அதற்கடுத்த கேள்வி, அந்த விடை என்ன சொல்கிறது என்று உன் சொந்த வார்த்தைகளில் எழுது என்பது. கீர்த்தி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். "படத்தில் காட்டியவாறு" என்று ஆரம்பித்தது. படம் எதுவும் இல்லை. நடுவில் "மேலே பெட்டியில் உள்ளதைக் காண்க" என்று இருந்தது. பெட்டியும் இல்லை. கடைசியில் "மிக முக்கியம். அடிக்கடி கேட்கப்பட்டது. பத்து மதிப்பெண்" என்று எழுதி, பக்கத்தில் மூன்று ஸ்டார் போட்டிருந்தாள்.

ஹாஸ்டலில் கொடுத்த கைடு அப்படித்தான் இருக்கும். பிள்ளை ஒரு எழுத்து விடாமல் இறக்கி வைத்திருந்தாள்.

"இந்த நட்சத்திரங்கள் எதற்கு?" என்று ஆசிரியர் கேட்டார்.

"ஹோட்டலுக்குப் போடுவாங்களே சார், அது மாதிரி" என்று இவர் உதவிக்குப் போனார்.

கேரல் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் விஷயம் மெதுவானதாக இல்லை. எங்கோ மறைத்து வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறாள் என்று நினைக்கிறார்கள். காப்பியடித்தது உறுதியானால் அது அவளுடைய பதிவில் ஏறும். பிறகு எந்தக் கல்லூரியும் அவளை ஏறெடுத்துப் பார்க்காது. என்ன வந்தாலும் என் பிள்ளை திருட மாட்டாள்.

"நோ காப்பி மேடம். பை ஹார்ட். ஃபுல் பை ஹார்ட்" என்று இவர் நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

கேரலும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "மனதிலிருந்து எழுதினாளா?"

"எஸ், எஸ்."

இது எங்கும் போய்ச் சேராது என்று கீர்த்திக்குப் புரிந்துவிட்டது. எழுந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, "படத்தில் காட்டியவாறு" என்று ஆரம்பித்தாள். ஹாஸ்டல் காலைப் படிப்பின் அதே ராகம். அரைப் பக்கம் போவதற்குள் ஆசிரியருக்குப் புரிந்துவிட்டது. விடைத்தாளில் விரலை வைத்து வரி வரியாக ஓட்டிக்கொண்டு வந்தவர், விரலை எடுத்துவிட்டார். "போதும் கண்ணே, நம்புகிறேன், உட்கார்" என்றார் கேரல். கீர்த்தி நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்தினால் முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்பது ஹாஸ்டல் சட்டம். பெட்டியைக் காண்க, அடிக்கடி கேட்கப்பட்டது, பத்து மதிப்பெண், த்ரீ ஸ்டார் எல்லாம் சொல்லி முடித்துத்தான் உட்கார்ந்தாள்.

இவர் முகத்தில் பெருமை வழிந்தது. சும்மா இருக்க மாட்டாள், வாயாடுவாள், எதையாவது குடைவாள் என்று நான் திட்டித் திட்டி வளர்த்த பிள்ளை. அவளை ஒரே வருஷத்தில் இப்படி நிற்க வைத்துவிட்டார்களே என்று எனக்கு அழுகை வந்தது.

ஆசிரியர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டார். "பிரமாதமான ஞாபகம். சரி, ஒன்று சொல். ஏணியின் கால் ஒரே வேகத்தில் நகர்கிறது. தலை மட்டும் ஏன் போகப் போக வேகமாக விழ வேண்டும்?"

கீர்த்தி மறுபடி எழுந்து நின்றாள். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னாள். "அது ப்ளஸ் ஒன் போர்ஷன், சார்."

"நீ ப்ளஸ் ஒன் படித்துவிட்டுத்தானே வந்தாய்?"

"எங்க ஸ்கூல்ல ப்ளஸ் ஒன் கிடையாது, சார்."

சான்றிதழ் மேசைமேல்தான் கிடந்தது, இங்கிலீஷில் மட்டும் சித்தெ குறைத்த மார்க்குகளோடு. கேரல் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். இவர் விளக்க ஆரம்பித்தார். ஒரு வருஷத்துப் பாடத்தை விட்டுவிட்டால் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று, சிக்கனமாகத் துணி வெட்டும் கதையைச் சொல்வது போல உற்சாகமாகவே சொன்னார். கேட்டு முடித்த கேரல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த வருஷத்துக்கு நீங்கள் கட்டணம் கட்டினீர்களா?"

5

ஜூனியர் என்று முடிவானது. இவர் விடவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரில் பொருமிக்கொண்டே வந்தார்.

"ஒரு வருஷம் லேட்டுங்கறது சும்மாவா சாந்தி? கப்பல்ல போக வேண்டிய சரக்க ஏர்ல அனுப்பற மாதிரி. அத்தனையும் நட்டம். நாளைக்கே போயி மறுபடி பேசறேன்."

பின்சீட்டிலிருந்து கீர்த்தி சொன்னாள். "வேண்டாங்கப்பா. நான் ஜூனியராவே இருந்துக்கறேன். எனக்கு ப்ளஸ் ஒன் படிக்கோணும்."

திருப்பூர்ப் பக்கத்திலிருந்து அமெரிக்கா வரை வந்து ப்ளஸ் ஒன் கேட்ட முதல் பிள்ளை என் மகளாகத்தான் இருப்பாள். மறுபடி பேசப் போகும் எண்ணத்தை இவர் அன்றோடு விட்டுவிட்டார்.

அமெரிக்கப் பள்ளிக்கூடம் ஏதோ சொர்க்கம் என்று நான் சொல்ல வருவதாக நினைத்துவிடாதீர்கள். இங்கே ஜூனியர்களைக் கல்லூரிக்குத் தயார் செய்யும் கூத்து தனிக் கூத்து. அதுவரை எறும்புக்குக்கூட இரக்கம் காட்டாத பிள்ளைக்கு, பதினோராம் வகுப்பு வந்ததும் தெருநாய்மேல் கருணை பொங்கும். ஆஸ்பத்திரியில் போய்ப் பாட்டு வாசிப்பார்கள். ஏழை நாட்டுக்கு விமானம் ஏறிப்போய்ச் செங்கல் தூக்குவார்கள், தூக்கும்போது மறக்காமல் படம் எடுத்துக்கொள்வார்கள். எல்லாம் கல்லூரிக்கு எழுதும் கட்டுரைக்கு. பிள்ளையின் 'சொந்தக் குரலை'க் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று மணிக்கணக்கில் காசு வாங்கும் ஆட்கள் உண்டு. அவர்கள் கண்டுபிடித்துக் கொடுத்த குரல்கள் எல்லாம் ஒரே மில்லில் ஓட்டிய துணி போலத்தான் இருக்கின்றன.

இவர் தன் வழியில் உதவினார். எக்ஸ்போர்ட் தொழிலில், சரக்கு வாங்கும் பையர் ஒரு சாம்பிளைப் பார்த்து சரி என்று சீல் வைத்துக் கொடுப்பான். அதே மாதிரி அத்தனை உருப்படியும் தைத்து அனுப்ப வேண்டும். அதனால் கேரலிடம் போய், போன வருஷம் தேர்வான கட்டுரையில் ஒரு சாம்பிள் கொடுங்கள், என் மகள் அச்சு மாறாமல் எழுதித் தருவாள் என்று கேட்டுவிட்டு வந்தார்.

"சாம்பிளே இல்லைங்கறாங்க சாந்தி. சாம்பிள் இல்லாம எப்பிடி ஆர்டர் எடுக்கறாங்க இவங்க?" உண்மையிலேயே அவருக்குத் தூக்கம் போயிற்று.

கீர்த்தியும் முதலில் "மைசெல்ஃப் கீர்த்தனா, ஹெயிலிங் ஃப்ரம் டாலர் சிட்டி திருப்பூர்" என்றுதான் எழுதிக் கொடுத்தாள். கேரல் அடியில், "அழகாக இருக்கிறது. இதில் நீ எங்கே?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். அந்த வருஷம் அவள் நிறைய மாறினாள். இன்னொரு தோசை போடட்டுமா என்றால் "ஐயாம் குட்" என்பாள். போதும் என்பதற்கு இங்கே அப்படிச் சொல்வார்களாம். நீ நல்லவளா என்று யார் கேட்டார்கள் என்று எனக்கு எரிச்சல் வரும். அறைக் கதவைச் சாத்திக்கொள்ளப் பழகினாள். ஆனால் கேள்வி கேட்கவும் பழகினாள்.

குளிர்காலத்தில் ஒரு நாள் சமையலறையில் தடதடவென்று சத்தம். தரை துடைக்கும் நீளக் கட்டையைச் சுவரில் சாய்த்து, அதன் அடியைக் காலால் மெல்ல இழுத்துக்கொண்டிருந்தாள். கட்டை சரிந்து விழுந்தது. மறுபடி சாய்த்தாள், மறுபடி இழுத்தாள். கீழ்வீட்டுக்காரர் தன் கூரையைத் தட்டினார்.

"அம்மா, இங்க வந்து பாருங்க! மேல இருக்கறப்ப மெதுவாத்தான் வருது. கீழ வர வர எப்பிடி ஓடுது பாருங்க!"

"கட்டை விழறதுல என்னடி அதிசயம்?"

"நான் இத த்ரீ ஸ்டார் போட்டு எழுதியிருக்கேம்மா. இப்பத்தான் பாக்கறேன்."

அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து, கீழ்வீட்டுக்காரர் தட்டினால் தட்டட்டும் என்று விட்டுவிட்டேன். கட்டுரையையும் அதைப் பற்றியே எழுதினாள். கல்லூரி அதை எடுத்துக்கொள்ளுமா, தூக்கிப் போடுமா என்று இன்னும் தெரியாது. விண்ணப்பம் போடவே இலையுதிர் காலம் வர வேண்டும்.

6

இந்த நிலையில்தான் புளியமரத்துப் பேனர் வந்து சேர்ந்தது. உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்ண்ணா, அதுல எழுதியிருக்கறது பொய்யின்னு உங்களுக்குத் தெரியுமல்லங்?"

"தெரியுங் கண்ணு. ஆனா அங்க படிச்ச புள்ளதான அமெரிக்காவுல இருக்குது? அது பொய்யில்லியே."

"அவளுக்கு விசா வந்தது அவங்கப்பன் வேலையாலங்ண்ணா."

"அதெல்லாம் ஆரு கேக்கறாங்க?" அண்ணனின் குரல் இறங்கிவிட்டது. "இங்க டாலர் எறங்கிப் போயி ஆர்டரே இல்ல கண்ணு. யூனிட்டு வாரத்துல பாதி நாள் பூட்டித்தான் கெடக்குது. இந்தத் தொழில நம்பி அந்தப் புள்ளய எப்பிடி உடறது? பத்து நாள்ல சேத்தியாகோணும். கவியாச்சும் கரையேறட்டும்."

பயந்த மனிதரிடம் எதைச் சொல்லி வேண்டாம் என்பது? ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கீர்த்தி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மரத்தில் தொங்கும் தன் படத்தை அவள் அதற்கு முன்பே பார்த்துவிட்டிருந்தாள்.

"மாமா, என்ற புக்குக் கட்டு உங்க ஊட்டு அட்டாலி மேல இருக்குதுங்களா?"

"உங்கம்மா வெச்சது வெச்ச மாதிரியே இருக்குது கண்ணு. எடைக்குப் போடலாம்னா உங்கத்தை உட மாட்டீங்கறா."

"போட்டறாதீங்க மாமா. கவிகிட்டக் குடுங்க. எந்த ஸ்கூல்ல வேணாலும் சேத்துங்க. அதுக்கு முன்னால இந்தப் பத்து நாள் அவ அதப் படிக்கட்டும்."

அண்ணன் மிகவும் அக்கறையாகவே கேட்டார். "அதுல இருந்து பரிட்சைக்கு ஏதாச்சும் வருமா கண்ணு?"

"ஒண்ணும் வராதுங்க மாமா."

"அப்பறம் எதுக்கு?"

கீர்த்தி என்னைப் பார்த்தாள். "போனக் கவிகிட்டக் குடுங்க மாமா" என்றாள்.

கவி வந்தாள். "சொல்லுங்க்கா."

"ஊட்டுல ஒட்டடைக் குச்சி இருக்குதா? எடுத்துட்டு வந்து செவுத்துல சாத்தி வெய்யி. இப்ப அடிய மட்டும் மெல்லமா இழு. மேல் நுனியவே பாத்துட்டு இரு."

ஏதோ உரசும் சத்தம் கேட்டது. பிறகு படாரென்று விழும் சத்தம். "என்ன புள்ள ஒடச்சே?" என்று அண்ணன் கத்தினார். கவி காதில் வாங்கவில்லை. மறுபடி உரசல், மறுபடி படார். மூன்றாம் முறைக்குப் பிறகு மூச்சு வாங்கப் போனுக்கு வந்தாள்.

"க்கா, ஏங்க்கா கடசீல மட்டும் அத்தன வேகமா விழுது?"

என் மகள் சொல்லவில்லை. பதில் தெரிந்திருந்தும் சொல்லவில்லை.

"அது ப்ளஸ் ஒன் போர்ஷன்" என்றாள். "அட்டாலி மேல இருக்கற புக்குக் கட்டப் பிரிச்சுப் பாரு."